கொல்லைக் கதவின் தாழ்ப்பாள்

விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்னை ஓலையைத் திணித்தால் அடுப்பு குப்பென்று பிடிக்கும். உலை கொதிப்பதற்குள் சாம்பலாகிவிடும். புளியங்கட்டை பிடிக்க நேரமாகும். பிடித்துவிட்டால் சோறு வெந்து, குழம்பு கொதித்து, மிஞ்சிய தணலில் அப்பளமும் சுட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளின் வயிற்றிலும் ஓலை உண்டு, கட்டை உண்டு.

காலையில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது. மால்ட் மாவு கலந்த பாலும் நாலு பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புகிறோம். பால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மாவிலும் பிஸ்கட்டிலும் உள்ள சர்க்கரையும் மைதாவும் சுத்தமான ஓலை. மைதாவில் தவிடு போயிற்று, நாரும் போயிற்று. குடலில் அதைத் தடுத்து நிறுத்த ஒன்றுமில்லாததால் விரைவாகக் குளுகோஸாகி ரத்தத்தில் இறங்கிவிடும். பத்தரை மணிக்கு மறுபடி பசி. இந்த மாதிரிப் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் வைத்து விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. தலைப்பு போனாலும் டப்பா நம் அலமாரியில்தான் இருக்கிறது.

இட்லி மட்டும் என்ன, கட்டையா? அரைத்து, புளித்து, ஆவியில் பூவாக வெந்த அரிசி சீக்கிரம் செரிக்கும். தனியாகத் தின்றால் அது சுள்ளிதான். சாம்பாரில் பருப்பும் காயும், சட்னியில் நிலக்கடலையும் சேரும்போதுதான் நின்று எரியும். சீனி தொட்டுச் சாப்பிடும் பிள்ளை சுள்ளிமேல் ஓலையை அடுக்குகிறது. அரசுப் பள்ளிகளுக்காக 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கலோடு காய்கறி சாம்பாரும் வருகிறது. அந்தப் பட்டியல் போட்டவருக்கு அடுப்பு தெரிந்திருக்கிறது என்பேன்.

இனி ரத்தம். அதைச் சமையல் மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆளின் ஐந்து லிட்டர் ரத்தத்திலேயே எந்நேரமும் இருக்கும் குளுகோஸ் சுமார் 5 கிராம், ஒரு டீஸ்பூன். பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. 250 மில்லி குளிர்பானத்திலோ ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை. அதில் பாதி ஃபிரக்டோஸ். அது பெரும்பாலும் கல்லீரலிலேயே தங்கிவிடுகிறது. மீதிப் பாதி வந்தாலே மேடை கொள்ளாது.

உடனே கணையம் இன்சுலினை அனுப்புகிறது. இடுப்பில் சாவிக்கொத்து செருகிய வீட்டம்மா அவள். ஒவ்வொரு அறையாகத் திறந்து மேடையை ஒழிப்பாள். கல்லீரல் அரிசிப் பானை. பெரியவர்களுக்குச் சுமார் 100 கிராம் கொள்ளும். தசை அதைவிடப் பெரிய டிரம். சுமார் 400 கிராம். இரண்டும் நிறைந்த பிறகு வருவது கொழுப்பாகிக் குதிருக்குப் போகும். இங்கே என் உவமை கொஞ்சம் இடறுகிறது: நிஜக் குதிருக்கு ஓர் அளவு உண்டு, இந்தக் குதிர் போடப் போட விரியும்.

நான் சொல்ல வந்ததே அடுத்த விஷயம்தான். தசை அறைக்கு இரண்டு கதவு. வாசல் கதவுக்கு இன்சுலின் சாவி வேண்டும். கொல்லைக் கதவுக்குச் சாவியே வேண்டாம், உள்ளே தாழ்ப்பாள்தான். தசை சுருங்கி விரியும்போது அது தானே திறக்கும். தசைச் செல்லுக்குள் பதுங்கியிருக்கும் குளூட்-4 என்ற புரதம், இன்சுலின் கூப்பிட்டாலும் வெளிச்சுவருக்கு வந்து குளுகோஸை உள்ளே இழுக்கும். ஓடினாலும் தாவினாலும் அதே வேலையைச் செய்யும். ஓடியாடி முடித்தபின் ஒருநாள் வரைகூட வாசல் கதவும் சுலபமாகத் திறக்கும். டிரம்மும் காலியாகியிருப்பதால் அடுத்த வேளைச் சோறு குதிருக்குப் போகாமல் அங்கேயே போகும்.

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் வேண்டியதில்லை. நொண்டி, சைக்கிள், மொட்டைமாடியில் பந்து எல்லாம் கணக்கில் வரும். தெருவில் விளையாட வண்டிகள் விடுவதில்லை என்பது உண்மைதான். அதற்காக மாலை முழுவதும் டியூஷன் பெஞ்சிலும் செல்போனிலும் போனால், கொல்லைக் கதவு துருப்பிடிக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டோடு கால் மணி நேரம் நடப்பதை யாரும் தடுக்கவில்லை.

ஊட்டும் விஷயத்தில் நம் பந்தி முறையே போதும். எதை, எப்போது, எங்கே பரிமாறுவது என்பது பெரியவர்கள் பொறுப்பு; எவ்வளவு சாப்பிடுவது என்பது இலைக்கு முன் உட்கார்ந்திருப்பவர் பாடு. அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் குழந்தை உணவுக்குச் சொன்ன வேலைப் பங்கீடும் ஏறக்குறைய இதுவே. டிவி முன் வாய் திறக்கத் திறக்க ஊட்டினால், வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச்சேரும் முன் இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியிருக்கும். பாகற்காயை முதல் தடவை துப்பினால் அது தீர்ப்பு அல்ல. பத்துப் பதினைந்து தடவை, மிரட்டாமல், ஒரு துண்டு இலையோரம் வைத்துக்கொண்டே இருங்கள். அப்பாவின் தட்டிலும் அது இருக்க வேண்டும். பிள்ளைகள் முதலில் எட்டிப்பார்ப்பது அங்கேதான்.

கதவுகள் சரியாகத் திறக்காத வீட்டில் கணையம் மேலும் மேலும் இன்சுலினை அனுப்பும். அது ரத்தத்தில் மிகுந்தே இருந்தால் தோலிலும் தெரியும்: உடல் பருத்த பிள்ளையின் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலக் கருமை படியும். அழுக்கென்று நினைத்துக் கடலைமாவும் பீர்க்கங்கூடும் போட்டுத் தேய்க்கும் அம்மாக்கள் இன்றும் உண்டு. அப்படிக் கருத்திருந்தால் தேய்க்காதீர்கள், பிள்ளையைத் திட்டாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.