கட்டிலருகே ஒரு கணக்குப்பிள்ளை

நீரிழிவு நோயாளர் ஒருவர் வைத்தியசாலையிற் சேர்வது பெரும்பாலும் நீரிழிவுக்காக அன்று. நெஞ்சுவலி, காலிற் புண், சளிச்சுரம், சத்திர சிகிச்சை என்று வேறொரு காரணம் பற்றியே அவர் அங்கே படுக்க நேர்கின்றது. ஆயினும் அழையாத விருந்தாளியாக அவருடைய பழைய நோயும் கூடவே விடுதிக்குள் நுழைந்துவிடும். வீட்டிலே அடங்கியிருந்த சீனி இங்கே வந்ததும் ஏன் இப்படி ஏறுகின்றது என்று உறவினர் திகைப்பதுண்டு. உடல் நோயுற்றபோது கோட்டிசோல், அட்ரினலின் முதலிய சுரப்புக்கள் பெருகி, ஈரலிலுள்ள குளுக்கோசை இரத்தத்திற் கலக்கச் செய்கின்றன. இன்சுலினின் வேகத்தையும் மழுக்கிவிடுகின்றன. மூச்சு நோய்க்குக் கொடுக்கப்படும் ஸ்டெரொயிட் மருந்துகளும் இதற்குத் துணைபோவன. இது ஒரு புறம். மறுபுறத்தில், பரிசோதனைக்கென்று காலையுணவு நிறுத்தப்படும். அல்லது உண்டது வாந்தியிற் போய்விடும். அவ்வேளையில் வழக்கமான இன்சுலினே ஆபத்தாய் முடியும். சீனி ஏறுவதைக் காட்டிலும் இறங்குவது விரைவானது. வியர்வை, நடுக்கம், மயக்கம் என்று தொடங்கி, கவனிப்பாரில்லையெனில் உயிருக்கே தீங்கு விளைக்கும். உறங்குகின்ற முதியவரிடத்தில் இக்குறிகளைக் கண்டுபிடிப்பதும் எளிதன்று.

இந்த இரு பள்ளங்களுக்கும் இடையே நோயாளரை நடத்திச் செல்வதற்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் ஓர் அட்டவணையையே நம்பியிருந்தது. 1921ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோரின் முயற்சியால் இன்சுலின் கிடைத்தபோது, விடுதிகளில் இரத்தச் சீனியை வேளைதோறும் அளக்கும் வசதி இருக்கவில்லை. சிறுநீரை பெனடிக்ற் கரைசலிற் சேர்த்துச் சூடாக்குவர். கரைசல் நீலமாகவே நின்றாற் சீனி இல்லை. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், செங்கல் நிறம் என்று மாறினாற் சீனி கூடுகின்றது என்பது பொருள். இன்ன நிறத்துக்கு இத்தனை அலகு இன்சுலின் என்று எழுதி வைத்துக்கொண்டனர். பிற்காலத்தில் நிறம் போய், விரல்நுனி இரத்தத்தின் எண் வந்தது. அட்டவணை மாத்திரம் போகவில்லை! சீனி ஏறிய பின்னரே மருந்து கொடுப்பது அதன் முறை. ஏறாமற் காக்கும் வழி அதில் இல்லை. வெள்ளம் வீட்டுக்குள் வந்தபின் வாளியைத் தேடுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

2007இல் அமெரிக்காவில் உம்பியெரஸ் என்னும் வைத்தியரும் அவர்தம் குழுவினரும் 130 நோயாளரைக் கொண்டு இவ்வழக்கத்தைச் சோதித்துப் பார்த்தனர். ஒரு சாராருக்குப் பழைய அட்டவணை. மற்றச் சாராருக்கு, நாள் முழுவதும் மெல்ல வேலை செய்யும் இன்சுலின் ஒருமுறையும், உணவுவேளைதோறும் விரைந்து வேலை செய்யும் இன்சுலினும் கொடுக்கப்பட்டன. இரத்தச் சீனியை 140 மில்லிகிராமுக்குக் கீழ்க் கொணர்தல் இலக்கு. புதிய முறையில் நூற்றுக்கு 66 பேர் அவ்விலக்கை எட்டினர். அட்டவணை முறையில் 38 பேரே எட்டினர்.

முறை நல்லதாயின் எல்லாரும் உடனே கைக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். இடைஞ்சல் கணக்கிலே இருக்கின்றது. அறுபது கிலோ நிறையுள்ள ஒருவருக்குச் சீனி 250 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆராய்ச்சியின் விதிப்படி கிலோவுக்கு அரை அலகாக நாளொன்றுக்கு முப்பது அலகு வேண்டும். அதிற் பாதியாகிய பதினைந்து, நீண்ட நேர இன்சுலின். மீதிப் பதினைந்தை மூன்று வேளைக்கும் ஐந்தைந்தாகப் பிரிக்க வேண்டும். முதியவருக்கும் சிறுநீரகம் பழுதுற்றவருக்கும் தொடக்க அளவைக் குறைக்க வேண்டும். மறுநாட் காலையில் முந்தின நாள் எண்களைப் பார்த்து மீண்டும் மாற்ற வேண்டும். இதனை ஒருவருக்குச் செய்வது பெரிய காரியமன்று. நள்ளிரவிலே, கண்ணெரிச்சலோடு, விடுதியிலுள்ள அத்தனை பேருக்கும் ஓர் இளம் வைத்தியர் செய்வதாயின் எங்கேனும் கை தவறாதிருக்குமா? கையெழுத்தினால் வரும் கேடு வேறு. அலகைக் குறிக்க ஆங்கிலத்தில் எழுதும் 'யூ' என்னும் ஒற்றை எழுத்து அவசரத்திற் சுழியாகத் தோன்றும்; நான்கு அலகு நாற்பதாகிவிடும். இக்காரணம் பற்றியே அமெரிக்காவில் வைத்தியசாலைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் கூட்டு ஆணையம் 2004இல் அச்சுருக்கெழுத்தைத் தடைசெய்தது.

இக்கணக்கை இயந்திரத்திடம் ஒப்படைத்தவர்களுள் ஒஸ்திரியா நாட்டின் கிராஸ் நகரத்தார் குறிப்பிடத்தக்கவர்கள். அந்நகர் மருத்துவப் பல்கலைக்கழகமும் ஜோவானியம் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து 'குளுக்கோடாப்' என்னும் செயலியை ஆக்கின. முறையை முதலிற் கடதாசியிலே பரீட்சித்துப் பார்த்தபின்னரே கணினியில் ஏற்றினார்கள். சிலேட்டுப் போன்ற கையடக்கக் கணினியைத் தாதி கட்டிலருகே கொண்டு செல்கிறார். அளந்த சீனியைப் பதிந்ததும், இவ்வேளைக்கு இத்தனை அலகு என்று அது ஆலோசனை கூறுகின்றது. எந்த நோயாளருக்கு அளவை எடுக்கப்படவில்லை, எவருக்கு ஊசி பாக்கி என்பதையும் நினைவூட்டுகின்றது. ஆலோசனையை ஏற்பதும் மறுப்பதும் வைத்தியர், தாதியர் கையிலேயே உண்டு. என் மட்டில், கணக்குத் திறமையைக் காட்டிலும் இந்த நினைவூட்டலையே பெரிதாக மதிப்பேன். கூட்டல் கழித்தல் தெரியாத வைத்தியர் எவருமில்லை. ஆனால் களைப்பு எல்லாருக்கும் உண்டு.

இயந்திரம் துல்லியமாய்க் கணக்கிடுமாயின், சீனியை முற்றும் இயல்பு நிலைக்கே இறக்கிவிடலாமே என்ற ஆசையும் எழும். அவ்வாசை ஒருமுறை கசப்பான பாடம் கற்பித்திருக்கிறது. 2001இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில், சத்திர சிகிச்சைக்குப்பின் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்தோரின் சீனியை இறுக்கிப் பிடித்தபோது மரணங்கள் குறைந்தன. உலகெங்கும் பலர் அவ்வழியைப் பின்பற்றலாயினர். ஆனால் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய நாடுகளில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சை நோயாளரிடையே நடந்து, 2009இல் வெளிவந்த ஆராய்ச்சி வேறு கதை சொன்னது. இறுக்கிப் பிடிக்கப்பட்டவர்களில் 27.5 வீதத்தினர் மூன்று மாதத்துள் இறந்தனர். சற்றுத் தளர்த்தி விடப்பட்டவர்களில் 24.9 வீதத்தினர். முன்னவர்களிடையே சீனி கடுமையாக இறங்கியதும் பன்மடங்கு அதிகம். அதன் பின்னரே வைத்தியசாலை நோயாளர் பெரும்பாலாருக்கு 140 முதல் 180 வரை என்னும் எல்லை நிலைபெற்றது. இலக்கைத் தவறாக இட்டுக் கொடுத்தால் இயந்திரம் அத்தவறான இலக்கையே பிழையின்றி அடையும்.

இனி, கைத்தொலைபேசியில் யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய இன்சுலின் கணக்குச் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வைத்தியசாலைகளிற் பரீட்சிக்கப்பட்ட கருவிகளோடு இவற்றைச் சேர்த்து எண்ணலாகாது. இத்தகைய 46 செயலிகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட அறிஞர்கள், 31 செயலிகள் பொருந்தாத அளவைக் கூறும் அபாயம் உடையவை என்று கண்டனர். உள்ளிடும் எண் நம்பத்தக்கதா என்று பாராதவை 42. சீனியை மில்லிகிராமில் அளப்பதும் மில்லிமோலில் அளப்பதும் ஒன்றுக்குப் பதினெட்டு என்ற வித்தியாசம் உடையவை என்பதை எண்ணினால், பாராமல் விடுவதன் விபரீதம் புரியும். அவ்வாராய்ச்சியிற் குறையொன்றும் காணப்படாத செயலி ஒன்றே ஒன்றுதான்.

நல்ல செயலிக்கும் தெரியாதது ஒன்றுண்டு. தட்டில் வைத்த சோற்றை நோயாளர் உண்டாரா, பாதியில் ஒதுக்கிவைத்தாரா, பார்க்க வந்தவர் கொடுத்த இனிப்பை வாயிற் போட்டுக்கொண்டாரா என்பதை யாரேனும் சொன்னாலன்றி அது அறியாது. ஊசி போட வரும் தாதியிடம் அதனைச் சொல்லக்கூடியவர், அவ்வேளையிற் கட்டிலருகே இருக்கும் உறவினரே.