கடலட்டை ஏற்றுமதி: வடபகுதியின் அனுபவம்

வயலிலே மண்புழு செய்யும் வேலையைக் கடற்றரையிலே செய்யும் பிராணி ஒன்றுண்டு. அதுவே கடலட்டை. பெயரில் அட்டை என்றிருப்பினும், வயலில் இறங்குவோரின் காலிற் கடிக்கும் அட்டைக்கும் இதற்கும் உறவேதும் இல்லை. இது நட்சத்திரமீனின் இனத்தைச் சேர்ந்தது. உருவில் முற்றிய வெள்ளரிக்காயை ஒக்கும். மணலையும் சேற்றையும் வாயால் வாங்கி, அவற்றிலுள்ள உக்கிய பொருள்களையும் நுண்ணுயிர்களையும் உண்டு, எஞ்சிய மணலை வெளியே தள்ளும். வெள்ளை அட்டை போன்ற சில இனங்கள் நாள்தோறும் மணலுட் புதைந்து மீண்டும் வெளிவருவதால் கடற்றரை கிளறப்படுகின்றது. உழவின் பயனை அறிந்த கமக்காரருக்கு இதன் அருமையை விரித்துக் கூற வேண்டுவதில்லை.

இலங்கையில் இதனை உண்போர் இல்லையென்றே கூறலாம். எனினும் மன்னார், யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய மாவட்டங்களின் கரைகளில் எடுக்கப்படும் அட்டை உலர்த்தப்பட்டுப் பல தலைமுறைகளாகக் கப்பலேறி வருகின்றது. இத்தொழிலை இங்கு பழக்கியவர் சீனர் என்பர். சிங்கப்பூர், ஹொங்கொங், தாய்வான் ஆகியவை இதன் நெடுங்காலச் சந்தைகளாகும். சீனர் இதனை விருந்துக்குரிய உணவாகவும் உடலுக்கு வலுவூட்டும் பொருளாகவும் மதிக்கின்றனர்.

அட்டையைப் பக்குவஞ் செய்தல் பொறுமை வேண்டும் வேலையாகும். முதலிற் குடலை நீக்கி, கொதிநீரில் அவித்தெடுப்பர். வெள்ளை அட்டையின் தோலிற் சுண்ணாம்பு போன்ற நுண்துகள்கள் நிறைந்திருக்கும். அவை முற்றாக அகலாவிடின் பொருள் தரங்குறையும். ஆதலின் அவித்த அட்டையை ஈர மணலிற் புதைத்துவைத்து, தோல் இளகியபின் எடுத்துத் தேய்த்துக் கழுவி, மறுபடியும் அவித்து வெயிலிற் காயவிடுவர். இவ்வாறு காய்ந்தபின் நூறு கிலோக்கிராம் பச்சை அட்டையிலிருந்து பத்துக் கிலோக்கிராம் கிடைப்பதே அரிது. ஏற்றுமதிக் கணக்கிற் காணும் ஒவ்வொரு கிலோக்கிராமும் கடலிலிருந்து எவ்வளவு உயிரை எடுத்துச் சென்றது என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஏற்றுமதியின் மொத்த எடையை மட்டும் பார்ப்போருக்கு ஓர் உண்மை புலப்படாது. எந்நாட்டிலும் அதிக விலை பெறும் இனமே முதலில் தேடி எடுக்கப்படும். அது அருகியதும் நடுத்தர இனம், அதன்பின் முன்னொருகாலத்தில் எவரும் தீண்டாத மலிவான இனம் எனச் சாக்குகள் நிரப்பப்படும். இலங்கையிலும் இதுவே நிகழ்ந்தது. ஒருகாலத்தில் தென்கரையிலும் நடைபெற்ற இத்தொழில் அங்கு மறைந்து, வடமேற்கு, வடக்கு, கிழக்குக் கரைகளில் ஒதுங்கியது. யுத்தகாலத்தில் வடகடலில் நிலவிய தடைகள் மீனவரை வருத்தினவாயினும் அட்டைக்கு ஒருவகைக் காவலாயின. 2009ஆம் ஆண்டின்பின் வெளிமாவட்டச் சுழியோடிகளும் காற்றுக் குழாய்களுடன் அங்கு இறங்கினர்.

அருகிய இடத்தில் அட்டை எளிதிற் பெருகுவதில்லை. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் தனித்தனியே நீரில் விடுவன. அவை நெருங்கி வாழாவிடின் கரு உண்டாகாது. பரந்த கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சிய அட்டைகள், விதைநெல்லைக் குற்றி உண்டபின் களஞ்சியத்தின் மூலையிற் கிடக்கும் சில மணிகளுக்கே ஒப்பாகும்.

இந்தியா 2001ஆம் ஆண்டில் கடலட்டை பிடிப்பதை முற்றாகத் தடைசெய்தது. அதன்பின் பாக்குநீரிணையூடாகக் கள்ளமாக அட்டை கொண்டுவரப்படுவதும் வழக்கமாயிற்று. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் கீழ், முலையட்டை எனப்படும் மூன்று இனங்கள் 2020ஆம் ஆண்டிலும், அன்னாசி அட்டையும் அதன் இனத்தவை இரண்டும் 2024ஆம் ஆண்டிலும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. அனுமதிப்பத்திரமின்றி இவற்றை இப்போது ஏற்றுமதி செய்தல் இயலாது.

இந்நிலையில் வளர்ப்பு அட்டையின்பால் நாட்டங் கூடியுள்ளது. வெள்ளை அட்டையைக் குஞ்சுபொரிக்கச் செய்யும் முறை 1988ஆம் ஆண்டில் தூத்துக்குடியிற் கைவரப்பெற்றது. குஞ்சுகளைக் கரையோரத்து ஆழமற்ற நீரில், தடிகளை நட்டு வலையடைத்த பண்ணைகளில் விட்டு, ஏறத்தாழ ஒரு வருடம் வளர்ப்பர். தீன் போட வேண்டுவதில்லை. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு ஆகிய மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் இத்தகைய வளர்ப்பை நடத்த 2022ஆம் ஆண்டில் அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது. அதே ஆண்டில் பூநகரிப் பகுதியிலுள்ள கிராஞ்சியில் மீனவர் இதனை எதிர்த்துப் போராட்டம் நடத்தினர். ஆழமற்ற நீர் வெறும் நிலமன்று. நண்டும் இறாலும் பிடித்துச் சீவிப்போரின் வயல் அதுவே. பண்ணை அடைக்கப்படுமிடத்தில் அவர்களுடைய வலைக்கு இடமில்லாது போகும். இக்குறை நியாயமானது. ஏற்றுமதி வருமானத்தைக் காட்டி அதனைத் தள்ளிவிட முடியாது.

மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பேர்போன பூநகரி போன்ற இடங்களில், வயலும் கடலும் அடுத்தடுத்து இருப்பதால், கமக்காரரும் இத்தொழிலிற் பணமிட எண்ணுதல் இயல்பே. அவ்வாறு எண்ணுவோர் நெருக்கத்தை முதலிற் கவனிக்க வேண்டும். ஒரு சதுர மீற்றர் கடற்றரை பொதுவாக 200 முதல் 250 கிராம் வரை எடையுள்ள அட்டையையே தாங்கும். இடத்துக்கிடம் இது வேறுபடும். அதற்கு மேல் விட்டால், நெருங்கி நட்ட நாற்றுப்போல அட்டை வளராது நிற்கும். பணமுடை வந்ததும் சிறிய அட்டையைப் பிடித்து விற்பது அடுத்த தவறாகும். பெரிய அட்டை எடைக்கு எடை சிறியதிலும் பன்மடங்கு விலைபெறும். பிஞ்சிற் பறிப்பவருக்குத் தரகர் சொன்னதே விலை.

எல்லாவற்றிலும் பெரிய இடர் மழையால் வருவது. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை வயலுக்கு உயிராயினும், வெள்ளம் கடனீரேரியில் இறங்கி உப்பின் அளவைத் திடீரெனக் குறைக்கும்போது அட்டைக்கு அதுவே நஞ்சாகும். தோல் புண்பட்டு, பண்ணை முழுவதும் அழிதலும் உண்டு. வாய்க்கால்கள் வந்து விழும் இடத்துக்கு அருகிற் பண்ணை அமைத்தலாகாது. வயலுக்குத் தெளித்த கிருமிநாசினி வெள்ளத்துடன் சென்று சேரும் இடமும் அதுவேயாகும். ஐப்பசிக்கு முன்னரே வளர்ந்தவற்றைப் பிடித்துவிட்டு, எஞ்சியவற்றை உவர்நீர் நிலையாக உள்ள ஆழமான பகுதிக்கு மாற்றுதல் நன்று. பண்ணை அமைக்க நாடுவோர் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். குறித்த இடத்திற் தொழில் செய்யும் மீனவர் சங்கத்துடன் அதற்கு முன்னரே பேசிக்கொள்ளல் வேண்டும்.