மறுபோகம் இல்லாத வயது

“காணிக்குத் திரும்பியபின் பிள்ளையின் படிப்பைப் பார்ப்போம்” என்று நம்மில் பலர் சொல்கிறோம். ஆனால் முதல் ஆறு வயதில் பிள்ளை சூழலிலிருந்து தானாகவே உள்வாங்குகிறது என்றார் இத்தாலிய மருத்துவர் மரியா மொண்டிசோரி. 1907 இல் உரோம் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றிலேயே அவர் தமது முதற் பாலர் இல்லத்தைத் தொடங்கினார். 1939 இல் சென்னைக்கு வந்த அவரும், போரினால் 1946 வரை ஐரோப்பா திரும்ப முடியாதிருந்தவரே. எனினும் பணியை நிறுத்தவில்லை; 1944 இல் இலங்கையிலும் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்.

கைகளால் செய்தே பிள்ளை கற்கும் என்பது அவர் கண்டது. சிரட்டையால் மணல் அளக்கட்டும்; திருகோணமலைக் கரையில் பொறுக்கிய சிப்பிகளைப் பெரிது சிறிதாக அடுக்கட்டும்; சட்டைத் தெறியைத் தானே பூட்டட்டும். அவசரப்பட்டு நாம் செய்து கொடுக்காதிருப்போம்.

பெரும்போகம் தவறினால் சிறுபோகம் உண்டு. இந்த வயதுக்கு மறுபோகம் இல்லை.