இறுகிய சுரையை இளக்குதல்

மலைநாட்டு வீதியில் வண்டியின் சில்லொன்றிற் காற்றுப் போவது பெரிய விபத்தன்று. மாற்றுச் சில்லு உண்டு, ஜாக்கி உண்டு, சாவி உண்டு. கால் மணி நேரத்திற் செய்து முடிக்கக்கூடிய வேலையே அது. ஆனால், சில்லைப் பிணித்து நிற்கும் சுரைகளுள், அதாவது ‘நட்’டுகளுள், ஒன்று அசைய மறுத்துவிடுமானால் அவ்வேலை அரை நாளையும் விழுங்கிவிடும். அப்பொழுது பொறுமையிழந்து வலிமையை மட்டும் நம்புவோர் திருகாணியை முறிக்கின்றனர். சிலர் தம் கையையே முறித்துக்கொள்கின்றனர்.

கேகாலை மாவட்டத்தில் இத்தொல்லை மிகுதி. கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி இம்மாவட்டத்தின் வழியாக மாவனெல்லையைக் கடந்து கடுகண்ணாவைக் கணவாயில் ஏறுகின்றது. 1820ஆம் ஆண்டுகளில், ஆளுநர் எட்வேட் பாண்ஸ் காலத்தில், மலையை வெட்டி அமைக்கப்பட்ட வீதி அது. தெற்கே யட்டியாந்தோட்டையிலிருந்து கித்துள்கலை வழியாகக் கினிகத்தேனைக்கு ஏறும் வீதியும் அத்தகையதே. இவ்விரண்டிலிருந்தும் பிரிந்து, தேயிலை, றப்பர்த் தோட்டங்களுக்குச் செல்லும் கிளைப்பாதைகளோ மேடும் பள்ளமும் சேறும் நிறைந்தவை. தென்மேற்குப் பருவமழை நேரே வந்து மோதும் ஈரவலயம் இது. போதாக்குறைக்குத் தோட்டத்து லொறிகள் உரமூட்டைகளையும் சுமக்கின்றன. சிந்திய உரத்தின் உப்பு நீரிற் கரைந்து இரும்பைப் பற்றினால், வெறும் மழைநீரைக் காட்டிலும் விரைவாகத் துரு ஏறும். கொழுந்து ஏற்றும் அதே லொறி, அவசர வேளையில் லயத்திலிருந்து நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வண்டியாகவும் ஆவதுண்டு. அவ்வேளையில் ஒரு சுரை இளகுமா இளகாதா என்பது சிறிய கேள்வியன்று.

சுரை ஏன் இறுகுகின்றது? முதற் காரணம் துரு. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பெருகுகின்றது. சுரையின் புரிக்கும் ஆணியின் புரிக்கும் இடையிலுள்ள நுண்ணிய வெளியில் இத்துரு வளர்ந்து, ஆப்பு வைத்தாற்போல் இரண்டையும் நெருக்கிப் பிடிக்கின்றது. இரண்டாவது காரணம், மிகையாக இறுக்குதல். சாவியின்மேல் ஏறி மிதித்து இறுக்குவோரும், டயர்க் கடையிற் காற்றழுத்தப் பொறியை அளவின்றி ஓட்டுவோரும் ஆணியை அதன் தாங்குசக்திக்கு மேல் இழுத்துவிடுகின்றனர். மூன்றாவது காரணம், புரி கோணலாக ஏறியிருத்தல். விரலாற் சுற்றித் தொடங்காமல் சாவியாலேயே சுரையைத் தொடங்குவதன் விளைவு இது.

வேலையைத் தொடங்குமுன் வண்டியை அசையாமல் நிறுத்தவேண்டும். சரிவிலே, வளைவிலே சில்லு மாற்ற முற்படலாகாது. டயர் கெட்டாலும் கெடட்டுமென்று மெல்ல ஊர்ந்து சமநிலமான ஓரிடத்தைச் சேர்வதே அறிவுடைமை. கைப்பிரேக்கை மட்டும் நம்புதல் கூடாது. பல வண்டிகளில் அது பின்சில்லுகளையே பிடிக்கின்றது. பின்சில்லு ஒன்றை உயர்த்தியவுடன் அதன் பிடி குறைந்துவிடும். ஆகவே, தரையில் நிற்கும் சில்லுகளுக்கு இருபுறமும் கல்லோ மரக்கட்டையோ அண்டைகொடுத்தல் வேண்டும். சுரையை முதன்முதலாக அசைக்கும் முயற்சி, சில்லு தரையில் ஊன்றி நிற்கும்போதே நடைபெறவேண்டும். ஜாக்கியின்மேல் நிற்கும் வண்டியில் வலிந்து இழுத்தால் சில்லு சுழலும். அல்லது வண்டி ஜாக்கியிலிருந்து சரியும்.

அடுத்து அறியவேண்டியது, திருப்ப வேண்டிய திசை. பெரும்பாலான சுரைகள் கடிகார முள் செல்லும் திசையில் இறுகும், எதிர்த்திசையில் இளகும். ஆயினும் பழைய பிரித்தானிய லொறிகளிலும், ஜப்பானிய லொறிகள் பலவற்றிலும், இடப்பக்கச் சில்லுகளின் புரி மாறியிருக்கும். சில்லின் சுழற்சியினாற் சுரை தானாகவே தளர்ந்துவிடலாகாது என்னும் கருத்தால் அவ்வாறு அமைத்தனர். அத்தகைய சுரையை வழக்கமான முறையில் இளக்க முயல்பவர், வியர்வை சிந்த அதனை மேலும் இறுக்கிக்கொண்டிருப்பார். ஆணியின் முனையைத் துடைத்துப் பார்த்தால் இடப்புரிக்கு ‘எல்’ என்றும் வலப்புரிக்கு ‘ஆர்’ என்றும் ஆங்கில எழுத்துப் பொறித்திருப்பதைப் பெரும்பாலும் காணலாம். அசையாத சுரை என்று பெயரெடுத்தவற்றுட் சில, தவறான திசையில் திருப்பப்பட்டவையே.

சாவியின் பொருத்தமும் முதன்மையானது. ஜோசப் விட்வேர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1841ஆம் ஆண்டில் திருகுப் புரிகளுக்கு ஓர் ஒழுங்கான அளவை முன்மொழிந்தார். பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றின் சுரைகள் அம்முறையைத் தழுவியவை. பின்னர் வந்த ஜப்பானிய வண்டிகளோ மில்லிமீற்றர் அளவின. ஒரு முறைக்குரிய சாவி மற்றதன்மேல் ஓரளவு பொருந்துவது போலத் தோன்றும். வலிந்து திருப்பும்போது சுரையின் மூலைகளைத் தேய்த்து உருட்டிவிடும். துருவையும் சேற்றையும் கம்பித்தூரிகையாற் சுரண்டியபின், ஆறு முகங்களையும் முழுமையாகப் பற்றும் குழற்சாவியை ஆழமாகச் செருகுதல் நன்று. பன்னிரு மூலைச் சாவி இத்தகைய கடின வேலைக்கு ஏற்றதன்று.

இவ்வளவு செய்தும் சுரை அசையாவிடின், எண்ணெய்க்கும் காலத்துக்கும் இடங்கொடுக்கவேண்டும். துருவிளக்கும் எண்ணெய் கடைகளிற் கிடைக்கின்றது. அது இல்லாதவிடத்து, மண்ணெண்ணெயுடன் சிறிது இயந்திர எண்ணெயைக் கலந்து பயன்படுத்தலாம். திரியில் எண்ணெய் ஏறுவது போல, இம்மெல்லிய திரவம் புரிகளின் இடுக்கில் தானாகவே ஊர்ந்து செல்லும். அதற்குச் சிறிது நேரம் வேண்டும். ஊற்றியவுடனே இழுப்பதாற் பயனில்லை. இருபது நிமிடமாவது விடவேண்டும். இயலுமாயின் ஓர் இரவு ஊறவிடவேண்டும். பிரேக்கின் உட்பகுதியில் எண்ணெய் படாதவாறு சில துளிகளே இடல்வேண்டும். இடையிடையே, பழைய குழற்சாவியொன்றைச் சுரையின்மேற் பொருத்தி, அதன் தலையிற் சுத்தியலால் நேராகச் சில தட்டுத் தட்டலாம். அவ்வதிர்ச்சி துருவின் பிடியை உடைத்து எண்ணெய்க்கு வழிதிறக்கும். ஆணியின் முனையில் அடித்தலாகாது, புரி நசுங்கிவிடும். பின்னர்ச் சுரையை இறுகும் திசையில் மயிரிழையளவு அசைத்து, உடனே இளகும் திசையில் திருப்புதல் அனுபவமிக்க தொழிலாளர் கையாளும் முறை. சிறிது இளகியதும் ஒரேயடியாகக் கழற்றாமல், முன்னும் பின்னுமாகத் திருப்பி எண்ணெயிட்டு வரவேண்டும்.

சாவியின் கைப்பிடியிற் குழாய் செருகி நீட்டுவதும் வழக்கம். அதன் வலிமையைக் கணக்கிட்டறிதல் நலம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 30 சென்ரிமீற்றர்ச் சாவியின் நுனியில் தம் பாரம் முழுவதையும் வைத்தாற் கிடைக்கும் முறுக்கு 18 கிலோகிராம்-மீற்றர். சிறிய கார்களின் சுரைகளை இறுக்குவதற்குப் பெரும்பாலும் 9 முதல் 12 வரையே போதும். மிதித்து இறுக்கும் பழக்கம் எத்துணைத் தீங்கானது என்பது இதனால் விளங்கும். அதே மனிதர் 120 சென்ரிமீற்றர்க் குழாயில் தொங்கினால் முறுக்கு 72 ஆகின்றது. மெல்லிய ஆணியை முறிப்பதற்கு அது போதுமானது. ஆகவே, குழாயைப் பயன்படுத்துவோர் குதிக்காமலும் வெட்டி இழுக்காமலும், ஒரே சீராக அழுத்தவேண்டும். சாவி வழுகினால் விழக்கூடிய திசையில் பள்ளமோ பாறையோ இல்லாதிருத்தல் வேண்டும்.

நெருப்பினாற் சூடாக்கி இளக்கும் யோசனையை அறவே விலக்கவேண்டும். எண்ணெய் ஊற்றிய இடம் எளிதிற் பற்றிக்கொள்ளும். டயர் பூட்டிய சில்லைச் சுடரால் வாட்டினால் டயரின் உட்புறம் கருகி, வாயு பெருகி, வெடித்து ஆளைக் கொல்லவும் கூடும். பதப்படுத்திய ஆணியின் உறுதியும் குன்றிவிடும். மூலைகள் தேய்ந்த சுரையையும், எதற்கும் இணங்காத சுரையையும் கராஜில் உரிய கருவிகொண்டு பிளந்தெடுப்பதே தக்கது. ஓர் ஆணி முறிந்திருந்தால், அதன் சுமையை அதுவரை தாங்கிய அயல் ஆணிகளையும் மாற்றிவிடுதல் வேண்டும்.

கழற்றிய சுரையை மீளப் பூட்டும் முறையிலேதான் அடுத்தமுறை அது இளகுவதும் இளகாததும் தங்கியிருக்கின்றது. இவ்விடத்தில் கேகாலை மாவட்டத்துப் பொருளொன்று நினைவுக்குரியது. போகலைச் சுரங்கத்தில் வெட்டியெடுக்கப்படும் மினிரன் என்னும் காரீயம் உலகப் புகழ் பெற்றது. அது தாள்தாளாக வழுக்கும் இயல்பினது, வெப்பத்தைத் தாங்குவது, புரிகள் பற்றிக்கொள்ளாதவாறு பூசப்படும் பசைகளிற் சேர்வது. ஆயினும், சில்லுச் சுரைக்கு அதனை எண்ணாது பூசுதல் தவறு. சுரையை இறுக்கச் செலவிடும் முறுக்கிற் பெரும்பகுதி உராய்வை வெல்வதற்கே போகின்றது. பத்தில் ஒரு பங்களவே ஆணியை இழுத்துப் பிடிக்கின்றது. வழுக்கும் பொருளால் உராய்வு குறைந்தால், அதே முறுக்கு ஆணியை அளவுமீறி இழுத்துவிடும். ஆகவே வண்டியின் கைந்நூல் கூறினாலன்றி எதையும் பூசாது, புரிகளைத் துலக்கி உலர்வாகப் பூட்டுவதே முறை. சுரையை விரலாற் சுற்றத் தொடங்கி, கூம்பிய முகம் சில்லை நோக்க, ஒன்றுக்கு எதிரான மற்றொன்றாக மாற்றி மாற்றி, அளவறிந்து இறுக்கவேண்டும். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சோதித்தல் வேண்டும். இறுகிய சுரை நேரத்தை வாங்கும், தளர்ந்த சுரையோ ஓடும் வண்டியிலிருந்து சில்லையே கழற்றிவிடும்.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு நாள், தொழிற்சாலை முற்றத்தின் சமநிலத்தில் லொறியை நிறுத்தி, ஒவ்வொரு சுரையையும் இளக்கிப் பார்த்து, துலக்கி, மீளப் பூட்டி வைப்பதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை. அன்று அசைய மறுக்கும் சுரைக்கு ஓர் இரவு எண்ணெயிட்டுக் காத்திருக்கலாம். நள்ளிரவில், கொட்டும் மழையில், நோயாளியை ஏற்றிய லொறி சரிவில் நிற்கும்போது அந்த அவகாசம் கிடைப்பதில்லை.