செந்நிறக் காற்றாலையின் கீழ் ஓர் இரவு

பாரிஸ் மாநகரத்து மெட்ரோ வண்டிகள், வாரத்தின் சாதாரண நாட்களில் நள்ளிரவு கடந்து ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கும், வெள்ளி, சனி இரவுகளில் இரண்டேகால் மணிக்கும் ஓய்ந்துவிடுகின்றன. பின்னர் விடியற்காலை ஐந்தரை மணிக்குத்தான் அவை மறுபடியும் ஓடத் தொடங்கும். அந்த நகரத்தில் விருந்துண்டு, ஆடல் கண்டு, அதன்பின் தாமும் ஆடிக் களித்து ஓர் இரவைக் கழிக்க விரும்புகிறவர், எந்த உடை உடுப்பது, எந்த மதுவைத் தருவிப்பது என்ற ஆலோசனைகளுக்கெல்லாம் முன்பாக இந்த இடைவெளியை மனத்தில் வாங்கிக்கொள்வது உசிதம். உல்லாச இரவைத் திட்டமிடும் கலையாவது, அதன் முடிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி யோசித்து வருவதே என்பது என் துணிபு. எப்படி வீடு திரும்புவது என்பது நிச்சயமாகிவிட்டால் மனம் சுவாதீனமாகக் காட்சியில் லயிக்கும். அது நிச்சயமாகாவிட்டால், மேடையில் அரம்பையரே வந்து ஆடினாலும் கண்ணென்னவோ கடிகாரத்தின்மேல்தான் இருக்கும்.

மேசையில் அமர்ந்து உண்டபடியே பெரிய நடனக் காட்சியொன்றைக் காணும் வழக்கத்தைப் பிரெஞ்சுக்காரர் ‘டினே ஸ்பெக்தாக்ள்’, அதாவது விருந்துக் காட்சி, என்கிறார்கள். 1946-ஆம் வருஷம் ஷான்ஸெலிஸே வீதியில் திறக்கப்பட்ட லிதோ என்னும் காபரே இந்த வழக்கத்தை உலகமறியச் செய்தது. பல தலைமுறை ரசிகர்களை மகிழ்வித்த அதன் நடனக் காட்சிகள் 2022-இல் நிறுத்தப்பட்டன. இன்று அந்த மரபின் பிரதான ஸ்தலமாக நிலைத்திருப்பது, மோன்மார்த் குன்றின் அடிவாரத்தில், பிளான்ஷ் சதுக்கத்தில், சிவந்த இறக்கைகளோடு நிற்கும் மூலான் ரூஜ். அந்தப் பெயருக்குச் ‘சிவப்புக் காற்றாலை’ என்பதே பொருள்.

ஐபெல் கோபுரம் எழும்பிய அதே 1889-ஆம் வருஷத்தில், அக்டோபர் 6-ஆம் தேதி, ஜோசப் ஒல்லேர், ஷார்ல் ஸித்லேர் என்ற இருவர் அதைத் திறந்தார்கள். குன்றின்மேல் உண்மையாகவே கோதுமை அரைத்த காற்றாலைகள் பழைய காலத்தில் பல இருந்தன. அடிவாரத்தில் நிற்கும் இந்தச் சிவப்பு ஆலையோ ஒரு நாளும் ஒரு பிடி தானியம் அரைத்ததில்லை. ஜனங்களைத் தூரத்திலிருந்தே அழைப்பதற்காக முகப்பில் வைக்கப்பட்ட அடையாளம் அது. பக்கத்துத் தோட்டத்தில் பிரம்மாண்டமான பொய் யானையொன்றையும் நிறுத்தியிருந்தார்கள். ‘பிளான்ஷ்’ என்றால் வெண்மை. குன்றின் சுரங்கங்களிலிருந்து ஜிப்சம் ஏற்றிவந்த வண்டிகள் உதிர்த்த தூளால் அவ்விடம் வெளுத்துக் கிடந்தது என்பார்கள். வெண்தூள் படிந்த உழைப்பாளர் பேட்டையில் செந்நிற விளக்குகள் எரியத் தொடங்கியபோது, தொப்பி அணிந்த சீமான்களும் சலவைத் தொழிலாளிகளும் ஒரே கூரையின்கீழ் தோளுரசி நிற்கும் அதிசயம் நிகழ்ந்தது.

அந்தக் கூடத்தின் உயிர்நாடி கான்கான் நடனம். 1830-களில் பாரிஸின் ஏழை மக்கள் கூடிய ஆடரங்குகளில், நான்கு ஜோடிகள் சேர்ந்து ஆடும் சம்பிரதாய நடனமொன்று கட்டுமீறித் துள்ளியதிலிருந்து அது பிறந்தது. பாவாடைகளைக் கை நிறைய அள்ளிச் சுழற்றி, காலைத் தலைக்குமேல் வீசி, ஒரு காலின் கணுக்காலைக் கையால் உயரப் பற்றியபடியே மற்றொரு காலால் சக்கரம்போலச் சுழன்று, முடிவில் துள்ளியெழுந்து இரு கால்களும் நேர்கோடாக விரியத் தரையில் விழும் அந்த ஆட்டத்துக்கு வேண்டிய பலமும் லாகவமும் சாமானியமானவை அல்ல. அதன் முதல் ராணியாகிய லூயிஸ் வெபேர், சலவைத் தொழில் செய்த குடும்பத்திலிருந்து வந்தவள். வாடிக்கைக்காரர்களின் கோப்பைகளை எடுத்துக் குடித்துவிடும் பழக்கத்தால் ‘லா கூலு’, அதாவது பெருந்தீனிக்காரி, என்று பெயர் பெற்றவள். ஆட்டத்தின் நடுவே கால்விரல் நுனியால் எதிரே நிற்பவரின் தொப்பியைத் தட்டி வீழ்த்துவது அவளுடைய வித்தை. 1891-இல் ஓவியர் துலூஸ் லோத்ரெக் அவளை வரைந்து அச்சிட்ட சுவரொட்டி, ஒரு கேளிக்கைக் கூடத்து விளம்பரத்தைச் சித்திரக் கலையின் சரித்திரத்திலேயே ஏற்றி வைத்துவிட்டது.

1915-இல் நெருப்பு அந்தக் கட்டடத்தை விழுங்கிற்று. 1921-இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. ஆடலிலும் பாடலிலும் பேர்பெற்ற மிஸ்தாங்கெத் அங்கே கோலோச்சினாள். 1944-இல் எதித் பியாப் பாடிய மேடையில் இளைஞராயிருந்த ஈவ் மோந்தானும் பாடினார். 1962-இல் நிர்வாகத்தை ஏற்ற ஜாக்கி கிளெரிக்கோ, நடனமாதர் நீந்துவதற்கென்று மாபெரும் கண்ணாடித் தொட்டியொன்றை மேடையில் அமைத்தார். அடுத்த வருஷத்தில் ‘ப்ரூ ப்ரூ’ என்ற காட்சி பெருவெற்றி பெறவே, அதன் முதலெழுத்தே ராசியென்று நம்பி, பின்வந்த காட்சிகளுக்கெல்லாம் அதே எழுத்தில் தொடங்கும் பெயர்களையே இட்டு வந்திருக்கிறார்கள். 1999-இல் அரங்கேறிய ‘பேரீ’, அதாவது மாயலோகம், அந்த வரிசையில் வந்தது. அதில் ஏறக்குறைய அறுபது கலைஞர்கள் ஆயிரம் உடைகளில் தோன்றுகிறார்கள்.

இனி, போக விரும்புகிறவர் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். இரவுக்கு இரண்டு காட்சிகள்: ஒன்பது மணிக்கு ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று. விருந்தோடு காண்பவர் ஏழு மணிக்கே மேசையில் அமரவேண்டும். விருந்துக்கும் காட்சிக்கும் சேர்த்து ஆள் ஒன்றுக்கு இருநூறு யூரோவுக்கு மேலாகும்; காட்சிக்கு மட்டுமென்றால் அதில் பாதியளவு போதும். கையிருப்பு அளவானவர்கள் வெளியில் எளிமையாக உண்டுவிட்டுக் காட்சியை மட்டும் காண்பதில் எவ்விதக் குறைவும் இல்லை. இடத்தைப் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்வது நலம். சைவ உணவு வேண்டுவோர் பதிவின்போதே தெரிவித்துவிட வேண்டும். அரைக்கால் சட்டை, ரப்பர்ச் செருப்பு, விளையாட்டுச் சப்பாத்து முதலியவை ஆகா. காட்சி நடக்கும்போது படம் பிடிப்பதற்குத் தடை உண்டு. அந்தத் தடையை ஒரு வரமாகவே கொள்ளவேண்டும், ஏனெனில் கைப்பேசியை மூடி வைத்தவனுக்கே கண் முழுமையாகத் திறக்கிறது.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இந்தக் காட்சியின் சில பகுதிகளில் நடனமாதர் மார்பை மறைக்காமல் ஆடுவார்கள். பிரெஞ்சு மேடை மரபில் அது நெடுங்காலமாக வேரூன்றிய வழக்கம்; ஆறு வயது கடந்த சிறுவர்களையும் பெற்றோருடன் அங்கே அனுமதிக்கிறார்கள். ஆயினும் தாய் தந்தையரையோ, பெரிய குடும்பத்தையோ, அலுவலகத் தோழர்களையோ அழைத்துச் செல்பவர் இதை அவர்களிடம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி, அவர்கள் சம்மதத்தைப் பெற்ற பிறகே பதிவு செய்யவேண்டும். உடன் வருகிறவர்களில் ஒருவர் கூச்சத்தில் தலை குனிந்திருந்தால், மற்றவர்களுக்கும் அந்த இரவு ருசிக்காது.

கூடத்தினுள் ஏறக்குறைய எண்ணூற்றைம்பது பேர் அமரலாம். மேசைகள் நெருக்கமாகப் போடப்பட்டிருக்கும். முன்பின் அறியாதவர் பக்கத்தில் வந்து அமர்வார். மேசைதோறும் சிவப்புக் கூண்டிட்ட சிறு விளக்கொன்று. பக்கத்தில் பனிக்கட்டி நிரம்பிய வாளியில் சாய்ந்து கிடக்கும் ஷாம்பெயின் புட்டி. பரிசாரகர்கள் அந்த இடுக்குகளினூடே தட்டுகளை ஏந்திப் போய்வரும் சாமர்த்தியமே தனி நடனம். ஒன்பது மணிக்கு விளக்குகள் தணிந்து திரை விலகியதும், கண்ணுக்கு முதலில் தெரிவது இறகுகள். மேடையில் மேகம்போல் அசையும் அந்த இறகுகளுக்குப் பின்னால், பாரிஸில் இன்று அருகிவிட்ட கைத்தொழில் ஒன்று இருக்கிறது. காபரேயைச் சேர்ந்த பெவ்ரியே என்னும் பட்டறையில் தீக்கோழி இறகுகளைச் சாயமேற்றி, ஒவ்வோர் இழையாகக் கத்தியின் முதுகுப்புறத்தால் நீவிச் சுருட்டி, கம்பிக் கூட்டில் கட்டுகிறார்கள். கிளேர்வுவா என்னும் மற்றொரு பட்டறையில், ஒவ்வொரு நடனக்காரியின் காலுக்கும் தனித்தனி அளவெடுத்துச் சப்பாத்து தைக்கிறார்கள். இரவுக்கு இருமுறை துள்ளி விழும் கால்களைக் காப்பது அந்தத் தையல்தான் என்பதை அறிந்து பார்க்கும்போது, கான்கானின் கூச்சலும் குதூகலமும் புதியதோர் அர்த்தம் பெறுகின்றன.

ஒன்பது மணிக் காட்சி பதினொரு மணிக்குச் சற்று முன் முடியும். நைட் கிளப்புகளோ நள்ளிரவுக்கு முன் களைகட்டுவதில்லை. இந்த ஒரு மணி அவகாசத்தை வீணாக்காமல், சதுக்கத்திலிருந்து ஏறும் லெப்பிக் வீதியில் மெதுவாக நடந்து போவது சிலாக்கியம். வளைந்து ஏறும் அவ்வீதியின் மேற்பகுதியில், ஒரு காலத்தில் மெய்யாகவே மாவரைத்த இரண்டு பழைய காற்றாலைகள் மரங்களினூடே இன்றும் நிற்கின்றன. உண்ட உணவு செரிக்கவும், மது அருந்தியவரின் தலை தெளியவும் அந்த நடை உதவும். குளிர்ந்த காற்றில், அடுத்த கட்டத்துக்குப் போவதா, இத்தோடு வீடு திரும்புவதா என்று உடன் வந்தவர்களைக் கேட்டறியவும் அதுவே தக்க தருணம்.

நைட் கிளப்பின் மூதாதையான ‘டிஸ்கோதெக்’ பிரெஞ்சுச் சொல். நூல்களின் இருப்பிடத்தை ‘பிப்லியோதெக்’ என்பதுபோல, இசைத்தட்டுகளின் இருப்பிடம் என்று அதற்குப் பொருள். 1950-களில் பாரிஸில் ஒரு சிறு மதுக்கூடத்தை நடத்தி வந்த ரெஜீன் என்ற பெண்மணி, காசு போட்டால் பாடும் இசைப்பெட்டியை அகற்றிவிட்டு, இரண்டு இசைத்தட்டு இயந்திரங்களை அருகருகே வைத்து, ஒரு பாட்டு முடியுமுன் மற்றொன்றைத் தொடங்கி, நடுவே மௌனம் நுழையாதபடி செய்ததாகச் சொல்லியிருக்கிறார். மூலான் ரூஜின் ஒட்டுச் சுவரில் 1960-இல் ‘லா லோகோமோதிவ்’ என்ற பெயரில் தோன்றிய கூடம், 2010 முதல் ‘லா மஷீன்’ என்ற பெயரில் நடக்கிறது. ஆகவே விருந்திலிருந்து ஆட்டத்துக்குப் போக வாகனம் தேடவேண்டியதில்லை.

அங்கே பதினெட்டு வயது நிறைந்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். வாசலில் நிற்பவருக்கு உள்ளே விடவும் மறுக்கவும் அதிகாரம் உண்டு. அவரிடம் வாதாடுவதைக் காட்டிலும் முன்கூட்டியே சீட்டு வாங்கி, சிறு குழுவாக, நிதானத்தோடு போவதே வழி. பிரெஞ்சுச் சட்டம் ஒலியின் அளவைக் கால் மணி நேரச் சராசரியில் 102 டெசிபெலுக்குள் அடக்கி, காதடைப்பான்களை இலவசமாகத் தரவேண்டுமென்றும் விதித்திருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ள வெட்கப்படக் கூடாது. காது ஒரு முறை கெட்டால் திரும்ப வாராது. தன் கோப்பையைத் தன் கண்ணுக்கெட்டாத இடத்தில் வைக்கலாகாது. சேர்ந்து போனவர்கள் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாதிருப்பதென்றும், ஒருவர் ‘போகலாம்’ என்றால் மறுபேச்சின்றிப் புறப்படுவதென்றும் வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. தனியே வந்த பெண்ணிடம் அவள் விரும்பாத சொல் ஒன்றும் சொல்லாதிருப்பது, எந்தத் திட்டத்திலும் எழுதவேண்டியிராத நாகரிகம்.

இப்போது தொடங்கிய இடத்துக்கே வருகிறேன். வெள்ளி, சனி இரவுகளில் இரண்டு மணிக்கு முன்பே புறப்பட்டுக் கடைசி மெட்ரோவைப் பிடிக்கலாம். அல்லது ஐந்தரை மணி வரை இருந்து முதல் வண்டியில் ஏறலாம். இரண்டுக்கும் நடுவே ‘நோக்தீலியன்’ எனப்படும் இரவுப் பேருந்துகளும் டாக்ஸிகளும் உண்டு. குடித்தவர் வண்டியோட்டுவதை மட்டும் யோசனையிலும் சேர்க்கக் கூடாது. 2024 ஏப்ரலில் ஒரு நாள் பின்னிரவில், காட்சி முடிந்து கூட்டம் கலைந்தபின், அந்தச் சிவப்பு ஆலையின் இறக்கைகள் பெயர்ந்து வீதியில் விழுந்தன. யாரும் காயமடையவில்லை. ஜூலை 5-ஆம் தேதி, ஒலிம்பிக் விழாவுக்கு முன்பாகவே, வீதியில் கான்கான் ஆடிப் புதிய இறக்கைகளுக்குத் திறப்பு விழா எடுத்தார்கள். நூறாண்டு கடந்த ஒரு கூடமே நேரத்தின் கருணையால் பிழைத்ததென்றால், நாம் நேரத்தை மதித்து நடப்பதில் குறைவென்ன?

பிளான்ஷ் நிலையத்தில் இரண்டாம் எண் மெட்ரோவில் ஏறினால், நான்காவது நிறுத்தம் லாச்சப்பல். ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழர்களின் கடைகளும் உணவகங்களும் வீதி முழுதும் விரிந்து, ஆண்டுக்கொரு முறை மாணிக்க விநாயகரின் தேரும் ஓடுகிற பேட்டை அது. பாரிஸ் உணவகங்களின் சமையற்கட்டுகளில் நமது மக்கள் எத்தனையோ பேர் நெடுங்காலமாக உழைத்து வருகிறார்கள். ‘கோப்பை கழுவுதல்’ என்று அவர்கள் சொல்லும் வேலையில் தொடங்கி, தலைமைச் சமையற்காரராக உயர்ந்தவரும் உண்டு. நகரம் விருந்துண்ணும் நேரமே அவர்களுடைய வேலை நேரம். நகரத்தின் கடைசி மெட்ரோவே அவர்களுக்கும் வீடு சேர்க்கும் வண்டி.

ஆகவே இரவைத் திட்டமிடும்போது, பரிசாரகருக்கு வைக்கும் சிறு தொகையையும், சமையற்கட்டு மூடும் நேரத்துக்குப் பின் உணவு கேட்டு வற்புறுத்தாத பொறுமையையும் கணக்கில் சேர்த்துக்கொள்வோம். கடைசி வண்டியில், கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கும் உல்லாசியின் எதிரில், ஈரத்தில் ஊறி விரல் நுனி சுருங்கிய கைகளை மடியில் வைத்தபடி ஒருவர் கண்ணயர்ந்திருப்பார். ஆன்வேர் நிலையம் தாண்டியதும் வண்டி சுரங்கத்தை விட்டு மேலே ஏறி, பார்பெஸைக் கடந்து, கார் து நோர் ரயில் நிலையத்தின் தண்டவாளங்களுக்கு மேலாகப் பாலத்தில் ஓடும். லாச்சப்பல் வந்ததும் அந்த மனிதர் தாமாகவே விழித்தெழுந்து இறங்குவார். இரவு முடிவதற்குள் எந்த வண்டியைப் பிடிக்கவேண்டும் என்பதை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. அதை நாம் அவரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.