வேகன் கார் வாங்கப் போகிறீர்களா? பின்பக்கத்தை முதலில் பாருங்கள்!

தோட்டத்தில் ஒரு வீட்டு வாசலில் கார் வந்து நின்றுவிட்டால் போதும், அன்று சாயங்காலம் லயமே அங்கேதான் கூடியிருக்கும். பிள்ளைகள் ஹார்னை அமுக்கிப் பார்ப்பார்கள். பெரியவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பார்கள். "எவ்வளவுக்கு எடுத்தே?" என்று எல்லாரும் கேட்பார்கள். "எதை எதைப் பார்த்து எடுத்தே?" என்று ஒருவரும் கேட்பதில்லை.

பழைய கார் வாங்குகிற நம் தோழர்களில் பலருக்கு வேகன் மேல் ஒரு கண். குடும்பம் முழுவதும் உட்காரலாம். பின்னால் அரிசி மூட்டை, கேஸ் தோம்பு, திருவிழாவுக்குக் கோயில் பாத்திரம் என்று எதையும் ஏற்றலாம். இதை வெள்ளைக்காரன் 'எஸ்டேட் கார்' என்பான். நம் எஸ்டேட்டை நினைத்து வைத்த பெயரல்ல, ஐயா! அவன் நாட்டுச் சீமான்களின் பண்ணைக்கும் எஸ்டேட் என்றுதான் பெயர். ரயிலடிக்குப் போய் விருந்தாளியையும் பெட்டி படுக்கையையும் ஏற்றி வர வைத்திருந்த வண்டி அது. அமெரிக்கன் 'ஸ்டேஷன் வேகன்' என்றான். நாம் 'வேகன்' என்று சுருக்கிக் கொண்டோம்.

விலை ஆறாயிரம் வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளிக்கு உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் பார்த்தால், அது மூன்றரை மாத உழைப்பு. அதுவும் ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தால்! அந்தக் காசை அரைமணி நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறோமே, அதுதான் நமக்கு வருத்தம்.

இப்படி ஒருமுறை நாமே ஏமாந்திருக்கிறோம். பால்வெட்டும் நண்பர் ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தோம். வண்டிக்குப் புதுப் பெயிண்ட். உள்ளே புதுக் கார்ப்பெட். கண்ணாடியில் வாசனை அட்டை தொங்கியது. "ஒரு டீச்சர் ஓட்டின வண்டிண்ணே, பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தது, அவ்வளவுதான்" என்றார் விற்றவர். நண்பருக்கு முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு வாரத்தில் வாசனை அட்டை காய்ந்தது. பிறகு வந்த வாசனை நமக்கெல்லாம் பிறந்ததிலிருந்து தெரிந்த வாசனை. கட்டிப்பால்!

பால் உறைய ஊற்றும் அசிட்டைப் பற்றி நாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அசிட் தண்ணீர் மாதக்கணக்கில் கட்டிப்பாலிலிருந்து சொட்டினால் இரும்பு தாங்குமா? கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தோம். தகரத்தை ஒட்டித் தார் பூசி வைத்திருந்தார்கள். ஸ்குரூ டிரைவரால் ஒரு குத்து குத்தினால் கீழே ரோடு தெரிந்தது. ஒட்டுப் போட ஆன செலவு வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு.

ஆகவே வேகன் என்றால் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். என்ஜின் அப்புறம். கட்டிப்பால் மட்டுமல்ல, உர மூட்டை ஏற்றிய வண்டியும் அப்படித்தான். உரம் உப்புதானே, ஈரம் பட்டால் இரும்பைத் தின்னும். கார்ப்பெட்டைத் தூக்குங்கள். ஸ்பேர் டயரை வெளியே எடுத்துவிட்டு அந்தக் குழியைத் தடவிப் பாருங்கள். தண்ணீர் நின்ற அடையாளம் இருந்தால் பின்கண்ணாடி ரப்பரோ கதவு ரப்பரோ ஒழுகுகிறது. "தூக்கக் கூடாது, கிழிஞ்சிடும்" என்று விற்பவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து, வண்டியை மட்டமான தரையில் நிறுத்தி நாலடி பின்னால் நின்று பாருங்கள். சும்மா நிற்கும்போதே வால் தாழ்ந்திருந்தால், செம்பனைக் குலை ஏற்றி ஏற்றி ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது. டயருக்கும் மேல் வளைவுக்கும் நடுவே விரலை விட்டு இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் இரண்டு விரல் என்றால் சந்தேகம்தான்.

பின்கதவைத் தூக்கி விடுங்கள். தானாக நிற்க வேண்டும். பழைய வண்டிகளில் அதைத் தாங்கும் கேஸ் கம்பு செத்துப் போயிருக்கும். துடைப்பக் கட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருப்பார்கள். தலையில் விழுந்தால் பத்துத் தையல்.

அந்தக் கதவின் ரப்பரைப் பற்றி இன்னும் ஒன்று. இதைத் தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டும். வேகனின் பின்பக்கம் சுவர் மாதிரி நேராக இருப்பதால், ஓடும்போது வண்டிக்குப் பின்னால் காற்று சுழலும். புகைக்குழாய்ப் புகையும் அதோடு சுழலும். ரப்பர் கிழிந்திருந்தால் புகை உள்ளே வந்துவிடும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாடையுமில்லை. தலைவலி, மயக்கம், அதற்கு மேல் உயிரே போகும். பின்னால் பிள்ளைகள் தூங்கிக் கொண்டு வரும். தூங்குகிறதா மயங்கிவிட்டதா என்று முன்னால் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? இதே பத்திரிகையில் ஒரு துண்டு கிழித்து, கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் ரப்பர் நல்லது. வழுக்கிக் கொண்டு வந்தால் மாற்ற வேண்டும். நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள். அதோடு குனிந்து புகைக்குழாயில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். சாமான் ஏற்றிப் பின்கதவைத் திறந்தபடி ஓட்டுவதை அடியோடு விட்டுவிடுங்கள்.

என்ஜினுக்கு வருவோம். காலையில் போங்கள், மழை இல்லாத நாளாகப் போங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். காலையில் சில்லென்று இருக்கும்போது வண்டி எப்படி முக்குகிறது என்பது உங்களுக்குத் தெரியக் கூடாதாம்! என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலோ, கறுப்பெண்ணெய் மூடியின் அடியில் பால் போட்ட காப்பி மாதிரி படிந்திருந்தாலோ, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். புகை நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை, சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் தண்ணீர் எரிகிறது.

கிளட்சுக்கு நம் டிரைவர்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. முன்னால் யாரும் நிற்காமல் பார்த்துக் கொண்டு, ஹாண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். என்ஜின் அணைந்துவிட்டால் நல்லது. அணையாமல் உறுமினால் தட்டு தேய்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டும்போது முன் சக்கரத்தில் 'டக் டக்' என்று கேட்டால் அதற்கும் செலவு உண்டு. டயரின் பக்கத்தில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆம் வாரம் செய்தது. பூ நன்றாக இருக்கிறதே என்று வயதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம், கிள்ளான் பக்கம் எத்தனையோ கார்கள் மூழ்கின. மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் கதை தெரிந்துவிடும். அதை யாரும் கழுவுவதில்லை.

துரைமார் ஓட்டிய வோல்வோ வேகன் மலிவாக வருகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். பலமான வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 240 ரகம் 1993-லேயே நின்றுவிட்டது. சாமான் தேடி அலைய நமக்கு நேரமுமில்லை, காசுமில்லை. பக்கத்து டவுன் பட்டறையில் சாமான் கிடைக்கிற வண்டியே நமக்கு வண்டி.

கடைசியாகக் கிராண்ட். அதில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாளக் கார்டும் ஒன்றா? கிராண்டில் உள்ள சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒன்றா? பேங்குக் கடன் தீர்ந்துவிட்டதா? "கொஞ்சம் காசு கொடு, மீதியை நீ மாசா மாசம் கட்டிக்கோ, பேர் அப்படியே இருக்கட்டும்" என்பார்கள். இதுதான் 'சம்போங் பாயார்'. நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும் வண்டி உங்களுடையதல்ல. அவர் பழைய பாக்கி வைத்திருந்தால் பேங்குக்காரன் உங்கள் வாசலிலிருந்தே இழுத்துக் கொண்டு போவான். யாரிடம் போய்க் கேட்பீர்கள்? பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் போன்ற மையத்தில் சோதனை உண்டு. சோதனையில் தேறியது என்பதற்காக வண்டி நாளைக்கும் ஓடும் என்று அவர்கள் எழுதிக் கொடுக்கவில்லை. முழுக் காசையும் பெயர் மாறிய அன்றுதான் கொடுக்க வேண்டும். முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

தனியாகப் போகாதீர்கள். தோட்டத்து பிட்டரையோ லோரி டிரைவரையோ ஓர் ஓய்வு நாளில் கூட்டிக் கொண்டு போங்கள். நம் நண்பர் இரண்டாவது வண்டிக்கு பிட்டரைத்தான் அழைத்துப் போனார். நாலு வண்டிகளை வேண்டாம் என்றார் அந்த மனிதர். ஐந்தாவது வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துப் பார்த்துவிட்டு, "இதை எடுங்க மாமா" என்றார். பழைய வண்டிதான், பெயிண்ட் கூட அங்கங்கே வெளுத்திருந்தது. இன்றும் அதில்தான் அவருடைய பேத்தி பாலர் பள்ளிக்குப் போகிறாள்.