தவுக்கேயின் கணக்கைப் படித்தவர்கள்

மலேசியாவின் கிள்ளானில் நம் தமிழர் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வரும்: "சீனவன் சீனவனுக்குக் கை கொடுப்பான். நாமதான் ஒருத்தர் காலை ஒருத்தர் வாருறோம்." பொறாமையும் தன்னிரக்கமும் கலந்த இந்தப் பேச்சு நம் பிள்ளைகளையும் சோர வைக்கிறது. அதனால்தான் தவுக்கேக்களின், அதாவது சீன முதலாளிகளின், வணிகம் பற்றிய ஆய்வுகள் நம் வீடுகளுக்கும் வர வேண்டும் என்கிறேன்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் சீனரைக் கவனிக்கத் தனி அலுவலகமே இருந்தது. 1877இல் சிங்கப்பூரில் தொடங்கிய அதில் பணியாற்றிய விக்டர் பர்செல், 1948இல் மலாயாச் சீனரைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். உழைத்து எழுதிய நூல்தான். ஆனாலும் அன்றைய ஆய்வுக்குச் சீனர் என்றால் ஆள வேண்டிய ஒரு கூட்டம். குலம், சங்கம், இரகசியக் கும்பல்.

நாடு விடுதலை பெற்ற பின், 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. நிறுவனப் பங்குகளில் 30 விழுக்காடு பூமிபுத்திராக்களுக்கு, அதாவது மலாய்க்காரருக்கும் பிற பூர்வகுடியினருக்கும், என்பது இலக்கு. மலாய்க்காரர் பெயரை முன்னால் நிறுத்திச் சீனர் தொழில் நடத்தும் 'அலிபாபா' முறை ஊரறிந்த கதையானது.

அரசியலும் பணமும் பின்னிக்கொண்ட இந்த முடிச்சை அவிழ்க்க முனைந்தவர்களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எட்மண்ட் டெரன்ஸ் கோமஸ் முக்கியமானவர். கட்சிகளின் வணிகம் பற்றி 1994இல் ஒரு நூல், ஜோமோ குவாமே சுந்தரத்துடன் சேர்ந்து 1997இல் இன்னொன்று, சீன வணிகம் பற்றி 1999இல் தனி நூல். யார் பங்குதாரர், யார் இயக்குநர், எந்த ஆண்டில் பங்கு கைமாறியது என்று ஒவ்வொரு நிறுவனமாகத் தேடினார். கண்டது என்ன? பெரிய சீன நிறுவனங்கள் இனப் பாசத்தால் ஒன்றாக முதல் போட்டு வளரவில்லை. தமக்குள் கடுமையாகப் போட்டியிட்டன. தொழில் திறமையால் எழுந்தவர்கள் உண்டு. மலாய் அரசியல் தலைவர்களின் தயவில் எழுந்தவர்களும் உண்டு. நாலு பேர் கூடும்போது நாம் பேசும் கதைக்கு அங்கே சான்று இல்லை.

இப்படிப்பட்ட விவரங்களை வைத்திருக்கும், நிறுவனங்களைப் பதியும் ஆணையத்தின் கோபுரம் இன்று கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில் நிற்கிறது. இப்போது கட்டணம் செலுத்தினால் நிறுவன விவரம் கணினியிலேயே கிடைக்கிறது. ஆனால் பினாமியாகப் பங்கு வைத்திருப்பவரின் பின்னால் நிற்பவர் அந்தத் தாளில் தெரியமாட்டார்.

கேள்விகளும் இடம் மாறிவிட்டன. 2017இல் கோமஸ் குழு வெளியிட்ட நூல் தனியார் முதலாளிகளை விட்டு அரசின் பக்கம் திரும்பியது: 7 அரசு முதலீட்டு நிறுவனங்களின் பிடியில் 35 பெரிய நிறுவனங்கள். இன்னொரு பக்கம், கிள்ளான் துறைமுகத்தை நோக்கி வரும் கிழக்குக் கரை ரயில் பாதையைச் சீன அரசு நிறுவனம் ஒன்று கட்டுகிறது. 2019இல் பேரம் பேசி அதன் செலவை 6,550 கோடி ரிங்கிட்டிலிருந்து 4,400 கோடியாகக் குறைத்தார்கள். பெய்ஜிங்கின் அரசு நிறுவனத்தையும் மூன்று தலைமுறையாகக் கிள்ளானில் வன்பொருள் கடை வைத்திருக்கும் சீனரையும் ஒரே பெயரால் அழைப்பது பெருந்தவறு.

கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானா தெருவில் உள்ள நம் துணிக்கடைகளையும் நகைக்கடைகளையும் இதே பொறுமையோடு, பங்குப் பதிவேடு வரை போய்ப் படிக்க நம் மாணவர்கள் வர வேண்டும்.